படம் வராத பக்கம்

மலைமேல் வாழவந்தி நாட்டில் மார்கழி பிறந்துவிட்டால் காலை பத்து மணிவரை எதுவும் காயாது. துணி காயாது, மிளகு காயாது, குளித்துவிட்டு வந்த என் தலையும் காயாது. கீழே ஆத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பனிமூட்டம் இன்னும் பழகவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக மாற்றலாகி இங்கே வந்து நான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமும் செல்வம் வீட்டுப் பக்கவாட்டு அறையில்தான் குடியிருக்கிறேன். அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைத்தான் சாப்பிடுகிறேன். போன மார்கழியில் அங்கே நடந்ததில் எனக்குப் பங்கில்லை என்று மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை.

வீட்டில் மூன்று பேர். செல்வம், அவன் மனைவி கவிதா, அவன் அம்மா பாவாயி. மூன்று ஏக்கர் காடு. முன்னொரு காலத்தில் அதில் சாமை விதைத்தார்களாம். நான் வந்த நாளிலிருந்து பார்ப்பது குச்சிக்கிழங்குதான், கீழே மரவள்ளி என்பார்களே, அது. வரப்போரம் நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் நேரே ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடும். சாமையை ஏன் விட்டீர்கள் என்று ஒரு நாள் பாவாயியிடம் கேட்டுவிட்டேன். தமிழ் வாத்தியார் அல்லவா, வாய் சும்மா இருக்காது.

"சாமை சாமைங்கறீங்களே வாத்தியாரே, அதைக் குத்துனவளைக் கேளுங்க. ஒரு வேளைச் சோத்துக்கு உரலுக்கு முன்னால எத்தனை நேரம் நிக்கோணும் தெரியுமா? எந்தோளு ரெண்டும் அதுலதான் போச்சு. குச்சிய நட்டமா, கிழங்கைப் புடுங்குனமா, லாரில ஏத்துனமான்னு இப்ப நிம்மதியா இருக்குது. போய்த் தொலையட்டும் சாமை."

தொலைந்த சாமையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது டூரிஸ்ட்டுகள். அருவி பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, மலைச் சாமை இருக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். செல்வம் யோசித்தான். ராசிபுரத்தில் ஒரு கடையில் மூட்டையாகச் சாமை அரிசி வாங்கி வந்தான். மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து ஒரு கிலோப் பைகளில் போட்டுக் கட்டினார்கள். பையின் மேல் மலைப் படம், 'எங்கள் காட்டுச் சாமை' என்று எழுத்து. உள்ளே இருப்பது எந்தச் சீமைச் சாமை என்று மூட்டையை விற்ற கடைக்காரருக்கே தெரியாது.

"எல்லாரும் பண்றதுதானுங்க வாத்தியாரே," என்பான் செல்வம். "திங்கறவன் சாமையத்தானே திங்கறான். நான் என்ன மண்ணையா கட்டிக் குடுக்கறேன்?"

நானும் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது, சாப்பாடு அங்கேதானே.

அந்தப் பையில் ஒன்று கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறது. அங்கே நான்கு கடை வைத்திருக்கிற நந்தகுமார் என்பவர் புரட்டாசியில் போன் செய்தார். சாமை நன்றாக இருக்கிறது, வருஷம் பூராவும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் எந்தக் காட்டில் விளைந்தது, யார் விளைவித்தது என்று கேட்கிறார்கள், உங்கள் காட்டையும் வேலையையும் படம் பிடித்து ஒரு வெப்சைட் போட்டு அனுப்புங்கள், பார்த்துவிட்டு நேரில் வருகிறேன் என்றார். செல்வம் போனை வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கவிதாவைப் பார்த்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆனவர்கள். நான் வந்த பிறகு அவன் அவளை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

கவிதா அப்போது செம்மேட்டுக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கு நடத்திய வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், வெப்சைட் செய்யச் சொல்லித் தருவார்கள். முப்பத்திநான்கு வயசு, பன்னிரண்டாவது பாஸ். சேர்ந்தபோது பாவாயி, "கம்ப்யூட்டரு படிச்சு என்ன, மாட்டுக்குப் பில்லு அறுத்துப் போடுமா அது?" என்று கேட்டாள். ஒன்பது மணி பஸ்ஸுக்கு முன்னால் வீட்டு வேலை பூராவும் முடிய வேண்டும் என்பதுதான் கடைசியில் ஒப்பந்தம். கவிதா நான்கு மணிக்கு எழுந்தாள். ஒரு நாள்கூட பஸ்ஸை விடவில்லை.

சாயங்காலம் வந்ததும் தன் தம்பியின் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்வாள். வீட்டில் கேட்க வேறு ஆள் கிடையாது.

"மொத நாளு வணக்கம்னு அடிச்சேனுங்க சார். திரையில கோழி கிண்டுன மாதிரி என்னென்னமோ வந்துச்சு. இது தமிழுன்னு முன்னாடியே அதுக்குச் சொல்லி வெக்கோணுமாமா. சொன்ன பொறவு ஒழுங்கா வந்துருச்சுங்க."

"அப்புறம்?"

"எதைத் தொறந்தாலும் மூடோணுமுங்க. பட்டிக்குப் படல் சாத்தற மாதிரி. நேத்து ஒரு தலைப்பை மூடாம உட்டுட்டேன், பக்கம் பூராவும் தலைப்பாயிருச்சு. மேடம் சிரிச்சுப் போட்டாங்க."

மேடம் என்பது ஜாஸ்மின். துறையூர்ப் பெண், கவிதாவைவிடப் பத்து வயசு சின்னவள். அவள் சொன்னதெல்லாம் கவிதாவுக்கு வேதம். ஐப்பசியில் ஒரு நாள் வந்து சொன்னாள்.

"இன்னைக்குப் படம் போடறது சொல்லிக் குடுத்தாங்க சார். படம் போட்டா அதுக்குப் பொறத்தால ஆல்ட்டுன்னு ஒண்ணு எழுதோணும். கண்ணு தெரியாதவங்க போன்ல பக்கத்தைத் தொறந்தா, போனே அதைப் படிச்சுச் சொல்லுமாமா. நம்ம கண்ணுக்கு அது தெரியாது. பக்கத்துல உக்காந்து ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி, படத்துல இருக்கறதை நெசமா எழுதுங்கன்னாங்க."

சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தாள். குண்டனி நாட்டில் அவளுடைய அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் பார்வை இல்லை. கையைப் பிடித்துக் காட்டுக்குக் கூட்டிப்போய், என்ன விளைந்திருக்கிறது என்று சொல்வது கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய வேலை.

"எங்கய்யங்கிட்ட ஒரு தடவ பொய் சொல்லிப் போட்டேனுங்க. வெள்ளாமை பொய்த்த வருசம், மனசு நோவுமேன்னு, கதிரு நல்லா புடிச்சிருக்குதுன்னேன். அவரு குனிஞ்சு கையில தடவிப் பாத்தாரு. ஊட்டுக்குப் போலாம் கண்ணுன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு அப்பிடியே செத்துரலாமாட்ட இருந்துச்சு."

அவள் ஆல்ட்டில் என்ன எழுதுகிறாள் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. என் கவலை எல்லாம் என் பத்திகளைப் பற்றி. ஆமாம், பக்கத்துக்கு வேண்டிய தமிழை எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். செல்வம் ஒரு தடவைதான் கேட்டான், நான் மூன்று பத்தி எழுதிவிட்டேன். 'வானம் தொடும் மலையின் மடியில், மூதாதையரின் மூச்சு கலந்த மண்ணில், தலைமுறை தலைமுறையாக எங்கள் குருதியால் காத்துவரும் சாமை' என்று முதல் பத்தி ஆரம்பிக்கும். குருதி எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். செல்வம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு வருஷத்தில் அந்தக் காட்டில் ஒரு பிடி சாமை விழுந்து நான் பார்த்ததில்லை.

கவிதா அதை அப்படியே அடித்தாள். ஒற்றுப்பிழைகூட இல்லை.

படம் எடுத்த கதையையும் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு மொத்தம் நான்கு படம். காட்டைப் படம் பிடிக்க வேண்டும், நம் காட்டிலோ கிழங்கு. ஆகவே செல்வம் கவிதாவை வண்டியில் வைத்துக்கொண்டு குண்டனி நாட்டுக்குப் போனான். அங்கே கவிதாவின் பெரியப்பா மகன் அர்த்தனாரி இன்னும் ஒரு ஏக்கர் சாமை விதைக்கிறார். அவர் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார். செல்வம் வரப்பில் நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

"பொறந்த ஊட்டு வாசலைத் தாண்டிப் போயிட்டு, உள்ள போய் ஒரு வாய்த் தண்ணி குடிக்காம வந்தமுங்க சார்," என்றாள் கவிதா. "எங்கண்ணி கண்ணாயி பாத்திருந்தா என்ன நெனைச்சிருக்கும்?"

இரண்டாவது படம் பாவாயி முறத்தில் புடைப்பது. புதுச் சேலை கட்டச் சொல்லி வாசலில் உட்கார வைத்தான். கடைச் சாமையில் உமி ஏது? அவள் வெறும் அரிசியைத் தூக்கித் தூக்கிப் போட்டாள்.

"உமியே இல்லாததைப் பொடைக்கச் சொல்றியேடா. பாக்கறவன் காறித் துப்ப மாட்டான்?"

"பாக்கறவனுக்குப் பொடைக்கத் தெரியாதும்மா. நீ முறத்தை நல்லாத் தூக்கு."

மூன்றாவது படம் சாமைப் பை. நான்காவது, களத்தில் காயப்போட்ட மிளகு.

கார்த்திகை கடைசியில் பக்கம் தயார். அந்த நேரம் பார்த்து ஜாஸ்மின் தன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். மேடம் வந்து ஒரு தடவை பார்க்கட்டுமே என்று கவிதா கெஞ்சினாள்.

"அந்தாளு மூணு தடவ கேட்டுட்டாரு. படம் இருக்குது, எழுத்து இருக்குது, இன்னும் என்னத்துக்கு மேடம்?" என்றான் செல்வம்.

அவள் செம்மேட்டுக்குப் போய்த் தனியாகவே அதை இணையத்தில் ஏற்றிவிட்டு வந்தாள். வீட்டில் போன் பேசலாம், நெட்டு கிடைக்காது. அதனால் லேப்டாப்பில் இருந்ததையே திறந்து எங்களுக்குக் காட்டினாள். நான்கு படமும் பளிச்சென்று இருந்தன. என் பத்திகள் நடுவில் கம்பீரமாக நின்றன. பாவாயி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "சேலை நல்லாத்தான் இருக்குது," என்றாள். செல்வம் மேட்டுக்கு ஏறிப் போய் நந்தகுமாருக்கு லிங்க்கை அனுப்பினான். அன்றைக்குக் கவிதாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் கையால் ஒன்றைச் செய்து முடித்தவள் முகம் அது.

நந்தகுமார் மார்கழி பத்தாம் தேதி வருகிறேன் என்றார். அன்றைக்குப் பார்த்துக் கிழங்கு பிடுங்க ஆள் வந்துவிட்டது. ஈரமண்ணில் செடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, இடுப்பை வளைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கிழங்கு கொத்தாக மண்ணோடு வரும். வெட்டுக்கத்தியால் தண்டிலிருந்து நறுக்கிக் குவிப்பார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் ஆள் உயரத்துக்குக் குவியல். லாரி வரவில்லை. செல்வம் ஓடிப் போய்த் தார்ப்பாயைக் கொண்டு வந்து குவியலைப் போர்த்தினான். வேலையாட்களைக் கீழ்க்காட்டுக்கு அனுப்பினான்.

"கேட்டா வெறகுன்னு சொல்லீருங்க வாத்தியாரே," என்றான்.

சரி என்றேன்.

நந்தகுமார் ஐம்பது வயசுக்காரர். மெதுவாகப் பேசுகிற மனிதர். தானே காரை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தார். பாவாயி வெல்லம் போட்ட காப்பி கொடுத்தாள். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வருசமா சாமை போடறீங்க?"

"எங்க பாட்டங் காலத்துல இருந்துங்க," என்றான் செல்வம்.

"இந்த வருசம்?"

"போட்டமுங்க. நல்ல வெள்ளாமை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "நானே பார்த்தேன் சார். கதிர் ஒவ்வொன்றும் இவ்வளவு நீளம்," என்று முழங்கையிலிருந்து அளந்து காட்டினேன். யார் கேட்டார்கள் என்னை? இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் கூசுகிறது.

நந்தகுமார் காப்பியைக் குடித்து முடித்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எங்கள் பக்கத்தை ஊரிலேயே அதில் சேமித்து வைத்திருந்தார்.

"உங்க பக்கத்தைப் பார்த்தனுங்க. படம் ஒண்ணுகூட வரலை. நெட்டு சரியில்லையோன்னு கடையில பார்த்தேன், வீட்டுல பார்த்தேன், எம்பொண்ணு போன்லயும் பார்த்தேன். படம் இருக்க வேண்டிய எடத்துல எழுத்துதான் வருது. இது நீங்க எழுதுனதுதானுங்களா?"

போனைச் செல்வத்திடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே என் முதல் பத்தி, மூதாதையர், மூச்சு, குருதி. அதற்குக் கீழே வெறும் கட்டம். கட்டத்துக்குள் ஒரு வரி.

'இது எங்க காடு இல்லீங்க. குண்டனி நாட்டு அர்த்தனாரி அண்ணன் காடு. அண்ணனுக்குத் தெரியாது. எங்க காட்டுல இருக்கறது குச்சிக்கிழங்கு.'

செல்வத்தின் விரல் திரையை மேலே தள்ளியது. என் இரண்டாவது பத்தி. அதற்கடியில்,

'எங்க அத்தை முறத்துல பொடைக்கறாங்க. போட்டோவுக்குத்தான். சேலை புதுசு. சாமையில உமி இல்லை, அது ராசிபுரத்துக் கடையில வாங்குனது.'

மூன்றாவதில், 'பை. உள்ள இருக்கறது எந்த ஊருச் சாமைன்னு எங்களுக்குத் தெரியாதுங்க.' நான்காவதில், 'இது எங்க மிளகுங்க. இது நெசம்.'

என்ன நடந்தது என்பது அப்புறம் ஜாஸ்மின் வந்து சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. கவிதா படங்களைத் தன் லேப்டாப்பில் ஒரு போல்டரில் வைத்திருந்தாள். அவை அங்கே இருக்கின்றன என்று மட்டும் பக்கத்தில் எழுதியிருந்தாள். பக்கம் இணையத்துக்குப் போயிற்று, படங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டன. பக்கத்தை ஏற்றினால் படமும் கூடவே போகும் என்று நினைத்திருக்கிறாள். படம் வராவிட்டால், பின்னால் எழுதியிருப்பதை எடுத்து முன்னால் எல்லோருக்கும் காட்டிவிடுமாம் கம்ப்யூட்டர். அதை அடுத்த வகுப்பில் சொல்லலாம் என்று இருந்தாளாம் ஜாஸ்மின். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, நானே செய்திருக்கிறேன் என்றாள். அவள் செய்தபோது படத்துக்குப் பின்னால் பூனை என்றோ ரோஜா என்றோ எழுதியிருப்பாள்.

பாவாயிக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன சாமி எழுதியிருக்குது?" என்று மகனைக் கேட்டாள். அவன் போனை நந்தகுமாரிடம் திருப்பிக் கொடுத்தான். என்னைக் கேட்டாள். நான் தம்ளருக்குள் பார்த்தேன்.

கவிதா நிலைப்படியில் காப்பிச் சட்டியோடு நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அது கண்ணு தெரியாதவங்களுக்கு எழுதுனதுங்க," என்றாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சனுங்க."

நந்தகுமார் கோபப்பட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். கத்தியிருந்தால் செல்வமும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவர் அப்படி எதுவும் செய்யாமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்த அர்த்தனாரி காடு எவ்வளவு தூரமுங்க? இத்தனை தூரம் வந்துட்டு, சாமையைப் பார்க்காமப் போனா எப்படி? வழி காட்டுங்க. எழுதுன அம்மாவும் வரட்டும். வாத்தியாரும் வாங்க."

செல்வம் முன் இருக்கையில் உட்கார்ந்தான். வழி பூராவும் அவன் வாயிலிருந்து வந்தது லெப்ட்டு, ரைட்டு, நேரா என்ற மூன்று வார்த்தைகள்தான். பின்னால் கவிதா கதவோரம் ஒடுங்கி, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். வெளியே மூட்டம் விலகவே இல்லை. நான் எதற்கு இந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருக்கிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அர்த்தனாரி களத்தில் இருந்தார். அறுத்த சாமையைப் பரப்பி, இரண்டு மாடுகளைக் கட்டி மிதிக்கவிட்டு, பின்னாலேயே ஒரு குச்சியோடு சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணாயி அடியில் சேர்ந்த மணியைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் மாட்டை நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. வா கவிதா. என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

நந்தகுமார்தான் தான் யாரென்று சொன்னார். அப்புறம் போனைத் திறந்து அந்த முதல் வரியை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "இந்தக் காடு யாருதுங்க?" என்று கேட்டார்.

அர்த்தனாரி செல்வத்தைப் பார்த்தார். செல்வம் தரையைப் பார்த்தான். இரண்டு விநாடி இருக்கும். அந்த மனிதர் படிக்காதவர்தான், ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் படித்துவிட்டார். இங்கே தங்கையின் புருஷனைத் தன் களத்தில் நிற்க வைத்து ஒருவன் தலைகுனிய விட்டுவிட்டால், அப்படி விட்ட அண்ணன் அப்புறம் எந்த விசேஷத்திலும் நிமிர்ந்து உட்கார முடியாது.

"இது எந்தங்கச்சிக்கு ஒதுக்கிக் குடுத்த காடுங்க," என்றார். "தூரமா இருக்கறதால நாம் பாத்துக்கறேன். வெள்ளாமை மாப்பிள்ளைதுதான். இந்தப் புள்ள இப்பத்தான் கம்ப்யூட்டரு கத்துக்கிட்டு இருக்குது. என்னமோ தப்பா எழுதிப் போட்டிருக்குதுங்க."

கவிதா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவள் அப்பா செத்தபோது நிலத்தை ஆண்பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு சாண் மண்ணும் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது ஒரு ஏக்கர் வந்திருக்கிறது. ஒரு வெளியாள் முன்னால், புருஷன் மானத்தைக் காப்பாற்ற.

"அப்படிங்களா?" நந்தகுமார் அவள் பக்கம் திரும்பினார். "தப்பா எழுதிட்டீங்களாம்மா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் செல்வத்தைப் பார்த்தாள், கண்ணாயியைப் பார்த்தாள். காதோரம் சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஆமாங்க," என்றாள். "தப்பா எழுதிட்டனுங்க. இப்பத்தான் கத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியாதுங்க."

நான்கு மாதம் விடியுமுன் எழுந்து, பஸ் பிடித்து, நோட்டுப் போட்டுப் படித்தவள் சொன்னது இது. கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? நிம்மதி. அப்பாடா, தப்பித்தோம் என்று நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

"பரவாயில்லம்மா, மாத்திருங்க," என்றார் நந்தகுமார். அவர் முகமும் லேசாகிவிட்டது. குனிந்து களத்திலிருந்து சாமைக் கதிர் ஒன்றை எடுத்தார். "அப்ப இதைத்தான் எனக்கு அனுப்பப் போறீங்க, செல்வம்?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்து, கை குலுக்கி, வண்டி ஏறிவிடலாம்.

"இல்லீங்க," என்றான் செல்வம்.

"என்னங்க?"

"அவ தப்பா எழுதலீங்க." மாட்டின் குளம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "காடு மச்சானுதுங்க. இந்தச் சாமையும் மச்சானுதுதான். எங்க வாசல்ல தார்ப்பாய் போத்தி வெச்சிருந்தனே, அது குச்சிக்கிழங்குங்க. பையில இருக்கறது கடைச் சாமை. போட்டோவை மச்சானுக்குச் சொல்லாமத்தான் புடிச்சேன், அன்னைக்கு இவளை ஊட்டுக்குள்ளயும் போக உடலீங்க. அவ எழுதுனதுல ஒரு எழுத்துத் தப்பில்ல."

சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. முடித்ததும் துண்டை எடுத்து முகத்தில் வைத்தான். வைத்ததை எடுக்கவில்லை. கவிதா அவன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள், அப்புறம் அண்ணன் இருப்பதை நினைத்தோ என்னவோ நின்றுவிட்டாள்.

"உடுங்க மாப்பிள்ளை," என்றார் அர்த்தனாரி. பொய் சொன்ன வெட்கம் இப்போது அவர் முகத்துக்கும் வந்துவிட்டிருந்தது. நந்தகுமாரிடம் திரும்பி, "எங்கிட்ட விக்கற அளவுக்கு இல்லீங்க. ஊட்டுச் சோத்துக்கும் வெதைக்கும்தான் வரும்," என்றார்.

கையிலிருந்த கதிரை நந்தகுமார் குவியல் மேல் திரும்ப வைத்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாயிதான் எங்கள் எல்லோரையும் காப்பாற்றினாள்.

"எத்தனை நேரம் நின்னுக்கிட்டே பேசுவீங்க? சோறு ஆயிருச்சு. வந்தவங்க உண்ணாமப் போனா ஊரு என்ன பேசும்? கவிதா, எலை அறு."

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். செல்வம் கடைசியில், சுவரைப் பார்த்து. கவிதா இலைகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். நந்தகுமார் பேச்சை மாற்றுகிறவர் போல, இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"படத்துக்கு நீங்க எழுதுனீங்க, சரிம்மா. அந்த மேல இருக்கறது, மூதாதையர் குருதின்னு, அது யாரு எழுதுனது?"

கவிதா என்னைப் பார்த்தாள். செல்வமும் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தான். அழுது சிவந்த கண். நான் வாத்தியார், நாலு பேர் மதிக்கிற ஆள், இந்த மலையில் இன்னும் எத்தனை வருஷம் இருக்க வேண்டுமோ என்று என்னென்னவோ ஓடியது. கொஞ்சம் பொறுத்தாள் கவிதா. எனக்காகத்தான் பொறுத்தாள்.

"அது நெட்டுல இருந்து எடுத்ததுங்க," என்றாள்.

"அதானே," என்று சிரித்தார் நந்தகுமார், அன்றைக்கு முதல் தடவையாக. "படிக்கும்போதே நெனச்சேன், எங்கிருந்தோ எடுத்து ஒட்டுனதாட்ட இருக்குதேன்னு."

நான் வாயைத் திறந்தேன். அப்போது கண்ணாயி என் இலையில் சாமைச் சோற்றைப் போட்டு, மொச்சைக் குழம்பை ஊற்றினாள்.

"சாப்புடுங்க வாத்தியாரே, ஆறிப் போயிரும்," என்றாள்.

சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.